வராதவருடைய பன்

ஜனவரி 14

அண்ணிக்கு,

இது கிளைச் செயலாளர் எழுதும் கடிதமா, நாத்தனார் எழுதும் கடிதமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்குமே கோபம்தான்.

உங்கள் சுற்றறிக்கை நேற்று வந்தது. கிளினிக்கில் ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேசை மேல் உறை கிடந்தது. எக்ஸ்ரே தொழில்நுட்பர் சங்கம், தலைமை அலுவலகம். பிரித்தால், முப்பது பேருக்குக் குறைந்த கிளைகள் எல்லாம் ஜூன் மாதப் பொதுக்குழுவோடு கலைக்கப்பட்டு, அருகிலுள்ள பெரிய கிளையில் சேர்க்கப்படுமாம். கீழே உறுப்பினர் பிரிவுச் செயலாளர் என்று உங்கள் கையெழுத்து. இருந்த படபடப்பில் அந்த அம்மாவிடம், "மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க" என்று சொல்லிவிட்டேன். கைக்குப் படம் எடுக்க மூச்சு எதற்கு? அவரும் பாவம், முகம் சிவக்கச் சிவக்கப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் இருபத்து மூன்று பேர். இது உங்களுக்குத் தெரியாததா? எனக்கு முன்னால் இந்தக் கிளைக்குச் செயலாளர் நீங்கள். மருந்துக்கடை மாடியில் அதே அறைதான். ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள், எக்ஸ்ரேயை மாட்டிப் பார்க்க ஒரு பக்கம் மட்டும் எரியும் விளக்குப் பெட்டி. ஊரில் முக்கால்வாசிப் பேர் தனி ஆளாக ஒரு இருட்டறையில் வேலை பார்ப்பவர்கள். சந்தேகமான படத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக் கேட்கலாம் என்றால் பக்கத்தில் ஆளே கிடையாது. மாதம் ஒரு நாள் இந்த மாடி ஏறினால்தான் நாலு முகத்தைப் பார்க்க முடிகிறது. பெரிய கிளைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். யார் போவார்கள்?

பன் முறையை ஆரம்பித்ததே நீங்கள்தான். தலைக்கு ஒரு கிரீம் பன். வராதவருடைய பன்னை யாரும் தொடக் கூடாது, மறுநாள் ஒருவர் அதை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டு வர வேண்டும். இன்று வரை அப்படித்தான் நடக்கிறது. பெரிய கிளையில் யார் பன்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

நேற்று சாயங்காலத்திலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். மணி போகிறது, நீங்கள் எடுப்பதில்லை. அண்ணன் கண்ணை மூடிய மூன்றாம் மாதம் தலைநகரத்து வேலைக்குக் கிளம்பிப் போனீர்கள். நல்லது. அங்கே போய் உட்கார்ந்து முதல் வேலையாக எங்கள் மடியிலேயே கை வைக்க வேண்டுமா?

அம்மா நன்றாக இருக்கிறாள். "உங்க அண்ணி எப்படி இருக்கா, ஏதாவது தகவல் உண்டா?" என்று கேட்டாள். "ஜோரா இருக்காங்க, சுற்றறிக்கை எல்லாம் அனுப்பறாங்க" என்றேன்.

கிளைச் செயலாளர்
(மற்றும் நாத்தனார்)


ஜனவரி 29

அன்புள்ள செயலாளருக்கு,

சில நாள் விடுப்பில் இருந்தேன். அதனால்தான் தாமதம். இனிமேல் போன் வேண்டாம். கிளை விஷயம் எழுத்தில் இருப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

முப்பது என்பது நான் போட்ட எண் இல்லை. தலைவர் ஐம்பதில் ஆரம்பித்தார். வாரக்கணக்கில் வாதாடி முப்பதுக்கு இறக்கினேன். இதைச் சொன்னால் உன் கோபம் குறையாது என்று தெரியும். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

சின்னக் கிளை என்றால் எல்லாமே உன் கிளை போல் இருக்கும் என்று நினைக்காதே. ஒன்பது பேர் இருந்த ஒரு கிளையின் செயலாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். கிளை அன்றோடு செத்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் பூட்டிய அறைக்குச் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரே ஆளின் முதுகில் நிற்கிற கிளை அந்த ஆள் படுத்தால் கூடவே படுத்துவிடும். எனக்கு உன் முதுகைப் பற்றித்தான் கவலை.

பெரிய கிளையும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. இங்கே நான் சேர்ந்திருக்கும் கிளையில் ஆயிரத்துக்கு மேல். வருடா வருடம் மூன்றில் ஒருவர் புதுப்பிக்காமல் நழுவிவிடுகிறார்கள். ஏன் விலகினீர்கள் என்று அச்சடித்த தாள் ஒன்று அனுப்புகிறோம். பதில் வருவதில்லை. அவர்கள் விட்டுப்போன இடத்தை மூன்று மடங்கு ஆள் சேர்த்து நிரப்பிவிட்டு வளர்ச்சி என்று அறிக்கை எழுதுகிறோம். அந்த அறிக்கையை எழுதுபவளும் நான்தான். உன் கிளையில் நானிருந்த நாளிலிருந்து ஒருவர்கூட விலகியது கிடையாது. தலைவரிடம் காட்டினேன். "சின்ன எடம், அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிட்டார்.

ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஏழு பேரைச் சேர்க்க முடிந்தால் சேர். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரையைக் காலையிலேயே கொடு. மதியத்துக்கு ஒத்திப்போட்டால் மறந்துவிடுவார்கள்.

அண்ணி


பிப்ரவரி 22

அண்ணிக்கு,

எழுத்தில்தான் வேண்டும் என்றால் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வாரமாக வீடு தங்கவில்லை. கிளினிக் முடிந்ததும் பையைத் தோளில் மாட்டினால் ஊரில் படம் எடுக்கிற இடம் ஒன்று விடாமல் ஏறி இறங்குகிறேன். "ஏண்டி, காலுல சக்கரம் கட்டியிருக்கியா?" என்கிறாள் அம்மா. படுத்தால் தலைக்குள் எண்ணிக்கைதான் ஓடுகிறது. பஸ்ஸில் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு உட்கார்ந்தால், "நீங்க எக்ஸ்ரேவா?" என்று வாய் தானாகக் கேட்கிறது. ஒருவர் ஐஸ்கிரீம் கம்பெனிக்காரராம்.

பல் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணைப் பிடித்தேன். சூயிங் கம் மென்றபடி, "சேர்ந்தா என்ன கிடைக்கும்?" என்றாள். சங்கத்தின் நோக்கங்கள் என்று நீங்கள் அச்சடித்துக் கொடுத்த ஒரு பக்கமும் மண்டையில் இருந்து பறந்துவிட்டது. "பன் கிடைக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே சேர்ந்துவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புருஷன் பெண்டாட்டி. ஒரே அறை, ஒரே மெஷின். ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது, ஷிஃப்ட் மாறும்போது சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவரிடம் கேட்டால், "அவ சேர்ந்தாளா? அப்ப நான் சேரலை." அவளிடம் கேட்டால் அதே பாட்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? மற்றவர் முடியவே முடியாது என்று மறுத்துவிட்டதாக இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். முதல் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் என்னைத்தான் முறைத்தார்கள். பன்னை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

இப்போது இருபத்து ஆறு. இரண்டு பேர் விஷயத்தில் உங்கள் தீர்ப்பு வேண்டும். ஒருவர் கால்நடை ஆஸ்பத்திரியில் படம் எடுப்பவர். "மாட்டுக்கு எலும்பு இல்லையா மேடம்?" என்று கேட்கிறார். இன்னொருவர் விமான நிலையத்தில் பெட்டிகளை ஸ்கேன் செய்பவர். "நானும் உள்ள என்ன இருக்குன்னுதானே பாக்கறேன்?" என்கிறார்.

மில் கிளினிக்கில் இருக்கிற நம் சித்தப்பா, (ஊருக்கே சித்தப்பா, யாருக்கும் சொந்தம் இல்லை) உங்களை விசாரித்தார். "அவங்க இருந்தப்ப படத்தைப் பார்த்ததுமே ஒரு 'ம்' சொல்லுவாங்க, அதுலயே பாதி பயம் போயிடும்" என்றார். அந்த 'ம்'மைத்தான் நானும் கேட்கிறேன். போனை எடுத்து ஒரு 'ம்' சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்? உங்களுக்கு நான் அவ்வளவு வேண்டாதவளாகிவிட்டேனா? அண்ணன் இல்லாத வீட்டோடு உங்களுக்கு இனி என்ன பேச்சு என்று நினைத்தால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். நானும் உங்களைத் தொல்லை செய்யாமல் இருப்பேன்.

நாத்தனார்


மார்ச் 10

நாத்தனாருக்கு,

கால்நடைக்காரரைச் சேர்த்துக்கொள். விதிப் புத்தகத்தில் 'உயிருள்ள உடலைப் படம் எடுப்பவர்' என்றுதான் இருக்கிறது. மனித உடல் என்று போட அந்தக் காலத்தில் யாருக்கோ மறந்துவிட்டது. மாடு உயிருள்ளது. பெட்டி உயிருள்ளது இல்லை. விமான நிலையத்துக்காரரிடம் என் வருத்தத்தைச் சொல்.

புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நீ செய்தது விதிக்குப் புறம்பானது. படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். சத்தம் வராமல்.

இப்போது மற்ற கேள்விக்கு வருகிறேன். போன வருடம் நான் பெட்டியோடு வாசலில் நின்றபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "போங்க. நீங்க இல்லாட்டி இங்க யாருக்கும் ஒண்ணும் கொறஞ்சிடாது." கோபத்தில் சொன்னாய் என்று தெரியும். அண்ணனைப் பறிகொடுத்த வீடு, நானும் கிளம்பினால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் தெரியும். எனக்கு அந்த வீட்டில் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆனால் நீ சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது. வேண்டாதவள் என்று யாரையும் நான் ஒதுக்கவில்லை. நான்தான் ஒதுங்கி நிற்கிறேன்.

ஆள் சேர்ப்பதில் அவசரப்படாதே. ஒன்று சொல்கிறேன், கிளைச் செயலாளராகக் கேள். இங்கே என் கிளையில் எனக்குத் தெரிந்த ஒரு உறுப்பினர். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், மூன்று கூட்டத்துக்கும் வரவில்லை. அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் யாரோ உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆயிரம் பேரில் ஒருவர் வராதது யார் கண்ணுக்கும் படாது. அவர் இந்த வருடமும் புதுப்பித்துவிட்டார். அதனால் என் அறிக்கையில் அவர் 'தங்கியவர்' கணக்கில் வருகிறார்.

முப்பது வந்ததும் நிறுத்திக்கொள்.

அத்தை கேட்டால் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

முப்பது வந்ததும் நிறுத்து என்றீர்கள். கேட்கவில்லை. முப்பத்து நாலு. பல் ஆஸ்பத்திரிப் பெண் தன் தோழிகளை எல்லாம் பன் இருக்கிறது என்று சொல்லியே கூட்டி வந்துவிட்டாள். மாடி அறை போதவில்லை. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தைச் சனிக்கிழமைக்கு மட்டும் கேட்டு வாங்கினேன். போன மாதக் கூட்டத்தில் மைக் வைத்துப் பேசினேன். உங்கள் தலைவர் வந்து பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கிளை தப்பிச்சாச்சு" என்று கத்தினேன். இந்தச் செய்தியை உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றைக்கே பேப்பரை எடுத்தேன். எழுதவில்லை. என்னவோ இருப்புக் கொள்ளவில்லை, ஏன் என்று அப்போது தெரியவில்லை.

போன சனிக்கிழமைக் கூட்டம் முடிந்து பாத்திர அலமாரியைத் திறந்தால் ஒரு காகிதப் பை. உள்ளே பன்கள். கல் மாதிரி இருந்தன. போன மாதத்துப் பன்கள், அண்ணி. வராதவர்களுக்கு என்று எடுத்து வைத்தது. பழைய ஆட்கள், புதியவர்கள் யாராவது கொண்டுபோவார்கள் என்று இருந்துவிட்டார்கள். புதியவர்களுக்கு அப்படி ஒரு முறை இருப்பதே சரியாகத் தெரியாது. நான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் அறைக்குள் நுழைந்ததும் யார் இல்லை என்று கண்ணுக்குத் தானாகத் தெரியும். இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும்தான் பார்க்கிறேன்.

சித்தப்பா இரண்டு கூட்டமாக வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

புதுப் பன் ஒன்று வாங்கிக்கொண்டு ஓடினேன். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மில்லில் மெஷினை விற்றுவிட்டார்களாம், வாரம் ஒரு நாள் வேன் வந்து எல்லோரையும் படம் எடுத்துக்கொண்டு போகிறதாம். இவரை அனுப்பிவிட்டார்கள். வேலை போய் இவ்வளவு நாளாகியும் சட்டைப் பையில் அந்தக் கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜைக் குத்தியபடியே இருந்தார். வீட்டுக்குள், அண்ணி. எந்தக் கதிர் படப் போகிறது அங்கே?

"ஏன் சித்தப்பா சொல்லலை?" என்றேன்.

"யாராவது பன் எடுத்துட்டு வருவீங்க, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேம்மா. போன மாசக் கூட்டத்துக்கு மறுநாள் யாரும் வரலை. சரி, வேலையா இருப்பாங்கன்னு நெனச்சேன். மாசம் பூரா வரலை. இப்ப கிளை பெருசாயிடுச்சு, நான் எதுக்குன்னு விலகல் கடிதம் போட்டுட்டேன். உங்க அண்ணி ஆபீசுக்குத்தான் வந்திருக்கும்" என்றார். குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை.

பன்னைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மீதிப் பேருக்கெல்லாம் கொடுத்தாச்சா?" என்று கேட்டார்.

கிளையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி எதைக் காப்பாற்றினேன் என்று தெரியவில்லை. இது உங்கள் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் வரும்? பதினொன்று சேர்ந்ததா, ஒன்று போனதா? யாரிடமாவது வாய்விட்டுப் பேச வேண்டும் போல் இருக்கிறது. போன் செய்ய மாட்டேன், பயப்படாதீர்கள்.

நாத்தனார்


மே 6

நாத்தனாருக்கு,

சித்தப்பாவின் கடிதம் என் மேசைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நான் பதியவில்லை. 'கையெழுத்து தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பவும்' என்று திருப்பி அனுப்புகிறேன். அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பரவாயில்லை. மறுபடி அனுப்பினால் தேதி தெளிவாக இல்லை என்பேன். அதற்குள் நீ வேண்டியதைச் செய்.

உன்னை நீயே போட்டு அடித்துக்கொள்ளாதே. விதியை எழுதியவள் நான். முப்பது பேர் இருந்தால் போதும் என்றேனே தவிர, முப்பது பேரும் ஒருவரை ஒருவர் தேட வேண்டும் என்று எழுதத் தோன்றவில்லை. பன் முறையை ஆரம்பித்தவளுக்கே அது தோன்றவில்லை.

கூடத்தில் மேசைகள் இருக்கும் அல்லவா? பத்துப் பத்துப் பேராகப் பிரித்து உட்கார வை. ஒவ்வொரு மேசைக்கும் அதன் பன்னுக்குப் பொறுப்பு அந்த மேசையே. மைக் வேண்டாம்.

பொதுக்குழுவில் ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன். ஒரு வருடத்தில் ஒருவரையும் இழக்காத கிளையை, அது எத்தனை சிறியதாக இருந்தாலும், கலைக்கக் கூடாது. மேடையில் நானே பேசுவேன். எனக்கு ஒரு சின்னத் தொந்தரவு இருக்கிறது, ஜூனுக்குள் சரியாகிவிடும் என்கிறார்கள். உன் ஆட்களை அழைத்துக்கொண்டு வா. முன்வரிசையில் உட்கார். உன் முகம் தெரிந்தால் எனக்குப் பேச வரும்.

அண்ணி


ஜூன் 16, மாலை

அண்ணி,

இது பொதுக்குழு நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம். வேறு பேப்பர் இல்லை. உங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதுகிறேன். கதவைத் தட்டினேன். உள்ளே காலடி கேட்டது, கதவு வரை வந்தது, நின்றுவிட்டது. யாரென்று கேட்க உங்களால் முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

வேன் பிடித்து வந்தோம். சித்தப்பாவும் வந்தார். மூன்று மேசையாகப் பிரித்ததில் அவர் இரண்டாம் மேசைக்குத் தலைவர். கையெழுத்து தெளிவாக இல்லை என்று கடிதம் திரும்பி வந்ததில் அவருக்குப் பயங்கரக் கோபம். உங்களை நேரில் பார்த்துச் சண்டை போட வேண்டும் என்றே வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. பிறகு வருவீர்கள் என்று நினைத்தேன். அதன் மேல் யாரோ பூச்செண்டை வைத்தார்கள்.

உங்கள் திருத்தத்தைத் தலைவர் வாசித்துவிட்டு, "முன்மொழிபவர் வரவில்லை, அடுத்த பொருளுக்குப் போகலாம்" என்றார். நான் எழுந்துவிட்டேன். "நான் முன்மொழியறேன்" என்றேன். "நீங்கள் யார்?" என்று கேட்டார். கிளைச் செயலாளர் என்றுதான் சொல்ல நினைத்தேன். "அவங்க நாத்தனார்" என்று வாயில் வந்துவிட்டது. மண்டபமே சிரித்தது. சிரிக்கட்டும். சித்தப்பா எழுந்து வழிமொழிந்தார். பேட்ஜைக் குத்திக்கொண்டுதான் வந்திருந்தார். அடுத்த கூட்டம் வரை எந்தக் கிளையையும் கலைப்பதில்லை என்று ஒத்திவைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு அது போதும்.

அதன் பிறகு உங்களைத் தேடினேன். உங்கள் கிளைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். ஒருவர், "வந்திருப்பாங்களே" என்றார். ஒருவர், "யாரு?" என்றார். வரவேற்பு மேசைப் பெண்தான் சொன்னாள். "அவங்களா? யார் கூடவும் பேசவே மாட்டாங்க மேடம். எல்லாத்தையும் சீட்டுல எழுதி நீட்டுவாங்க. பெரிய பதவிக்கு வந்தா சில பேருக்கு அப்படித்தான்."

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"ஜனவரியில லீவு போட்டுட்டு வந்ததுலேர்ந்து. கழுத்துல எப்பவும் ஒரு ஸ்கார்ஃப், இந்த வெயில்லயும்."

எனக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கழுத்தில் ஆபரேஷன். குரல் போயிருக்கிறது. 'போன் வேண்டாம், எழுத்தில் இருப்பதே நல்லது.' 'சத்தம் வராமல் சிரித்தேன்.' 'மூன்று கூட்டத்துக்கும் வராத ஒரு உறுப்பினர்', அதுவும் நீங்கள்தான். எல்லாவற்றையும் எழுதித்தான் அனுப்பியிருக்கிறீர்கள். நான்தான் எண்ணிக்கை எண்ணிக்கை என்று அலைந்துகொண்டிருந்தேன்.

எனக்கு உங்கள் மேல் வந்திருக்கிற கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தார்கள்? யார் கையெழுத்துப் போட்டார்கள்? யாருமே இல்லை, அப்படித்தானே? கழுத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள், அப்போதுகூட எனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லையா? வாசலில் நின்று ஒருத்தி கத்தினாள் என்பதற்காகவா? நான் கத்தினது நீங்கள் போகக் கூடாது என்றுதான். அதைச் சொல்லத் தெரியாமல்தான் இதைச் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் குறையாது என்றேனே, உங்கள் தட்டை அம்மா இன்றைக்கும் அலமாரியின் மேல்தட்டில்தான் வைத்திருக்கிறாள், யாரையும் எடுக்க விடுவதில்லை. காலையில் வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாள்: "பன்னு மொத்தத்தோட ஒண்ணு சேர்த்து வாங்கு. அவளும் நம்ம கணக்குதான்."

வாங்கினேன். பொதுக்குழுவில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு பன் மிச்சம் இருந்தது. சித்தப்பா சண்டையை எல்லாம் மறந்துவிட்டு, "வராதவங்க பன்னு, வீட்டுல கொண்டுபோய்க் குடு" என்றார். முறை தெரிந்தவர். வேனை அனுப்பிவிட்டேன். நான் ஊருக்கு நாளைக்குப் போனால் போதும், அல்லது அடுத்த வாரம். அதை நீங்கள் சொல்லுங்கள். எழுதியே சொல்லுங்கள்.

பேச வேண்டாம். கதவை மட்டும் திறங்கள்.

நாத்தனார்


ஜூன் 16

காலையில் கிளம்பித்தான் இருந்தேன். காலணிகூட மாட்டிவிட்டேன். கண்ணாடி முன் நின்று 'தலைவர் அவர்களே' என்று சொல்லிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. காலணியைக் கழற்றிவிட்டேன். அதிலிருந்து அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கெட்ட கட்டி இல்லை, எடுத்தாகிவிட்டது, குரல் மெதுவாக வரும் என்கிறார்கள். முதலில் இதை அத்தையிடம் சொல்.

நீயும் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாய். பன் ஆளுக்குப் பாதி.

அழுவது இங்கே கேட்கிறது. கண்ணைத் துடை. தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். இந்தக் கதவு ஈரத்தில் உப்பி இறுகிக்கொள்ளும், ஒரு ஆள் இழுத்தால் சட்டென்று வராது. நான் இழுக்கிறேன். நீ அந்தப் பக்கத்திலிருந்து தள்ளு.